இரண்டு வெள்ளைக் கழிச்சல்

பெரணமல்லூர் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கூப்பிட்டார். "பேரன் ஆசைப்பட்டான்னு நாலு நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டேன் சார். தடுப்பு மருந்தும் கண்ணுல விட்டாச்சு. அப்படியும் வெள்ளைக் கழிச்சல் வந்து மூணு போயிடுச்சு. மருந்து போலியா?" என்று கேட்டார்.

கால்நடைத் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நான் கோப்பு பார்த்தவன், கோழி பார்த்தவன் இல்லை. ஆனாலும் கூட வேலை பார்த்த டாக்டர்கள் சொல்லிக் காதில் விழுந்ததும், பிறகு நானே தேடிப் படித்ததும் கொஞ்சம் உண்டு. "மருந்து போலியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வெள்ளைக் கழிச்சல் என்ற பெயரில் இரண்டு நோய் இருக்கிறது. மருந்து ஒன்றுக்கு. உங்கள் குஞ்சுக்கு வந்தது இன்னொன்றாக இருக்கலாம்" என்றேன். "அதெப்படி?" என்றார். போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தக் கட்டுரை அவருக்காக. அதைவிட, என் அத்தைக்காக.

1962 கோடை விடுமுறை. அப்போது நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் பெரணமல்லூர் வருவேன். மாமா பட்டுத் தறி நெய்பவர். பாவு வந்தால் வேலை, வராவிட்டால் தறிக்குழி சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் நாட்களுக்கு அத்தையின் கோழிதான் கைக்காசு. முட்டை விற்ற காசு அரிசிப் பானைக்கு அடியில் ஒரு துணி முடிச்சில் இருக்கும்.

அந்த வருஷம் அத்தையின் கோழி அடைக்கு உட்கார்ந்தது. நல்ல இனமாக இருக்கட்டும் என்று எதிர்வீட்டு அம்மாவிடம் பன்னிரண்டு முட்டை வாங்கி அடை வைத்தார். பத்து பொரித்தது. எனக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். நொய் இறைப்பதும் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்ப்பதும்தான் வேலை. ஐந்தாறு நாள் கழித்து ஒரு குஞ்சு சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தாயின் வயிற்றுக்கடியிலேயே ஒண்டியது. பின்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக எட்டுக் குஞ்சு செத்தன. இரண்டு பிழைத்தன.

தாய்க்கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவில் வேறு எந்தக் கோழியும் சாகவில்லை. அத்தை யோசித்தார். முட்டை கொடுத்த எதிர்வீட்டு அம்மா இரண்டாம் நாள் வந்து பார்த்து, "பத்தும் பொரிச்சிடுச்சே!" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. முடிந்தது. "அவ கண்ணுதான்" என்றார். அதோடு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பிழைத்த இரண்டும் பெட்டை. எட்டு செத்த இடத்தில் தாக்குப் பிடித்த கெட்டி இனம் என்று அத்தை அவற்றைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். மறு வருஷம் அவற்றின் முட்டையையே அடை வைத்தார். அந்தக் குஞ்சுகளும் அதேபோல் வெள்ளையாகக் கழிந்து செத்தன. அதன் பிறகு ஒரு கோடையில் வேறொரு நோய் வந்தது. குஞ்சு, சேவல், முட்டையிடும் கோழி என்ற பேதமே இல்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு, ஒரு வாரத்தில் தெருவே காலியானது. அதையும் வெள்ளைக் கழிச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றுதான் என்று நானும் நினைத்தேன்.

பிரான்சு தேசத்தில் இதே மாதிரிக் குழப்பம் ஒன்று பட்டில் வந்தது. எங்கள் பள்ளியில் லூயி பாஸ்தேர் பாடம் வராத வருஷம் கிடையாது. வெறிநாய்க்கடி மருந்து கண்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டுப்புழுவோடு அவர் ஐந்து வருஷம் மல்லாடிய கதை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1853-இல் பிரான்சில் விளைந்த பட்டுக்கூடு 2 கோடியே 60 லட்சம் கிலோ. 1865-இல் அது 40 லட்சம் கிலோவாகச் சரிந்தது. புழுக்களின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி விழுந்து செத்தன. மிளகைக் குறிக்கும் தெற்குப் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து நோய்க்குப் 'பெப்ரின்' என்று பெயர் வைத்தார்கள்.

அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் 1865-இல் பாஸ்தேர் தெற்கே அலேஸ் என்ற ஊருக்குப் போனார். அதுவரை பட்டுப்புழுவைக் கையால் தொட்டதில்லை. ஆரம்பத்தில் அவரும் தடுமாறினார். ஒரே நோய் என்று நினைத்ததில் இரண்டு நோய் கலந்திருந்தன. பெப்ரின் ஒன்று, புழு தளர்ந்து அழுகும் 'ஃபிளாஷெரி' இன்னொன்று. இதைப் பிரித்தறியவே வருஷங்கள் ஆயின. நடுவில் இரண்டு பெண் குழந்தைகளை இழந்தார். 1868-இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. வேலையை விடவில்லை.

அவர் கண்ட வழி மிக எளிமையானது. பெப்ரின் தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டைக்குள்ளேயே போகிறது. ஆகவே புழுவுக்கு வைத்தியம் பார்ப்பதில் பலனில்லை. பூச்சி முட்டையிட்ட பிறகு அதை நசுக்கி, ஒரு சொட்டு நீரில் கலந்து நுண்ணோக்கியில் பார். நோயின் துகள்கள் தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடு. தெரியாவிட்டால் வைத்துக்கொள். இன்றைக்கும் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் தாய்ப்பூச்சிப் பரிசோதனை உண்டு. நம் தறியில் ஏறும் பட்டுநூலுக்குப் பின்னால் இந்தப் பரிசோதனை நிற்கிறது. பிள்ளையின் நோய்க்குத் தாயைப் பார் என்ற இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு வரும்போது மறுபடி வேண்டியிருக்கும்.

பட்டுப்புழுவுக்குப் பத்து வருஷம் கழித்து பாஸ்தேர் கோழிக்கு வந்தார். பிரெஞ்சில் 'கொலேரா தே பூல்', அதாவது கோழிக் காலரா. மனிதக் காலராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துலூஸ் நகரக் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் துசேன் இந்தக் கிருமியை அவருக்குக் கொடுத்தார். கோழிச்சாற்றிலேயே பாஸ்தேர் அதை வளர்த்தார். புதிதாக வளர்த்த கிருமியைப் போட்டால் கோழி செத்தது. பல நாள் காற்றில் பழசாகப்போன கிருமியைப் போட்டால் கோழி சிறிது சுணங்கிப் பிழைத்தது. அப்படிப் பிழைத்த கோழிக்குப் பிறகு வீரியமுள்ள கிருமியையே போட்டாலும் சாகவில்லை. 1880 பிப்ரவரியில் பாரிசு அறிவியல் கழகத்தில் இதைச் சொன்னார். அந்த வருஷம் அக்டோபரில்தான், காற்றிலுள்ள ஆக்சிஜனும் கால இடைவெளியும் கிருமியைப் பலவீனப்படுத்துகின்றன என்று விளக்கினார். விடுமுறையில் மறந்துபோன குடுவையால் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று எங்கள் வாத்தியார் கதை சொல்வார். பாஸ்தேரின் குறிப்பேடுகளைப் படித்த வரலாற்று ஆசிரியர்கள் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை, உதவியாளர் எமில் ரூவின் பொறுமையான உழைப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதே கிருமியைக் கினிப்பன்றிக்குப் போட்டால் ஒரு கட்டி வரும், அவ்வளவுதான். பன்றி நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கட்டியின் சீழ் கோழிக்குப் போனால் கோழி சாகும். ஆக, கிருமி ஒன்று என்பதால் விளைவும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. எந்த ரகம், எந்த உடம்பு, எந்த வயது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். நெல்லில் பொன்னியும் நெல்தான், சம்பாவும் நெல்தான். ஆனால் ஒரே நாளில் அறுக்க முடியுமா?

இப்போது அத்தையின் குஞ்சுகளுக்கு வருகிறேன்.

1889-இல் இங்கிலாந்தில் கிளைன் என்பவர் வளர்ந்த கோழிகளைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். அந்த நோயைக் கோழி டைபாய்டு என்கிறோம். அமெரிக்காவில் ரெட்கர் என்பவர் 1900 வாக்கில் இளங்குஞ்சுகளை மட்டும் கூட்டமாகக் கொல்லும் வேறொரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து செத்ததால் 'பாக்டீரிய வெள்ளைக் கழிச்சல்' என்றார்கள். கிருமிக்கு 'புல்லோரம்' என்று பெயர். இலத்தீனில் 'குஞ்சுகளுடைய' என்று பொருள். பிரெஞ்சில் கோழியைப் 'பூல்' என்பதும் குஞ்சைப் 'பூசேன்' என்பதும் இதே வேரில் வந்த சொற்கள். எனக்கு இந்த நோயின் பெயர் ஒருபோதும் மறக்காததற்கு அதுவே காரணம்.

கிளைனின் கிருமியும் ரெட்கரின் கிருமியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இன்று இரண்டையும் சால்மொனெல்லா குடும்பத்தில் ஒரே வகையின் இரண்டு ரகங்களாக வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நீந்தும் வால் கிடையாது. ஆய்வகத்தில் ஒருவகைச் சர்க்கரையைக் கொடுத்தால் டைபாய்டு ரகம் அதைப் புளிக்க வைக்கும், புல்லோரம் ரகம் வைக்காது. இப்படிச் சின்னச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் கோழி வீட்டில் அந்த வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது. டைபாய்டு ரகம் குஞ்சையும் கொல்லும், முட்டையிடும் கோழியையும் கொல்லும். புல்லோரம் ரகம் முதல் இரண்டு மூன்று வாரக் குஞ்சைக் கொல்லும், பெரிய கோழியைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் அதனுள்ளேயே குடியிருக்கும். இளங்குஞ்சின் எதிர்ப்புச் சக்தி அப்போது முழுதாக அமைந்திருப்பதில்லை. குடலில் நல்ல கிருமிகளும் இன்னும் குடியேறியிருக்காது. அந்தக் காலி வீட்டில் இது நுழைந்துகொள்கிறது.

குடியிருக்கும் இடம் எது தெரியுமா? கோழியின் முட்டைப்பை. கோழியைப் பார்த்தால் நோய் என்றே சொல்லமுடியாது. கொண்டை சிவப்பாக இருக்கும், இரை எடுக்கும், முட்டையிடும். அந்த முட்டைகளில் சிலவற்றின் கருவிலேயே கிருமி இருக்கும். பொரித்த குஞ்சு உலரும்போது பறக்கும் பொடித்தூவியில் கிருமி பரவி, நல்ல முட்டையில் வந்த குஞ்சையும் பிடிக்கும். பிழைத்த குஞ்சு வளர்ந்து அதுவும் தன் முட்டையில் கிருமியைச் சுமக்கும். ரெட்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1909-இல் இந்தச் சுழற்சியை வெளிப்படுத்தினார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? பாஸ்தேர் பட்டுப்பூச்சிக்குச் செய்ததேதான். தாயைப் பார். கோழியை நசுக்க வேண்டியதில்லை. 1913-இல் அமெரிக்காவில் இரத்தப் பரிசோதனை வந்தது. 1931-இல் அது இன்னும் எளிதானது. வெள்ளைத் தட்டில் கோழியின் ஒரு சொட்டு இரத்தம், அதன்மேல் ஊதாச் சாயம் ஏற்றிய செத்த புல்லோரம் கிருமிக் கரைசல் ஒரு சொட்டு. கலக்கித் தட்டை ஆட்டினால், நோய் சுமக்கும் கோழி என்றால் இரண்டு நிமிஷத்துக்குள் பால் திரிந்ததுபோல் திட்டுத் திட்டாகும். அந்தக் கோழியின் முட்டையை அடை வைக்கக்கூடாது. அமெரிக்காவில் 1935-இல் நாடு தழுவிய திட்டம் போட்டு, இந்த ஒரு சொட்டுச் சோதனையால் பெரும் பண்ணைகளிலிருந்து நோயைக் கிட்டத்தட்ட ஒழித்தார்கள். நம் நாட்டில் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சாயக் கரைசலைத் தயாரிக்கிறது.

அங்கேயும் கிருமியின் ரகம் விளையாட்டுக் காட்டியது. 1940-களில் கனடாவில், சோதனையில் சுத்தம் என்று வந்த கோழிகளின் குஞ்சுகளும் சாகத் தொடங்கின. பார்த்தால் புல்லோரத்திலேயே சற்று மாறிய மேற்பூச்சு உள்ள ஒரு ரகம். பழைய கரைசலில் அது திரியவில்லை. பிறகு இரண்டு ரகத்தையும் கலந்து கரைசல் செய்தார்கள்.

எல்லாக் குஞ்சுச் சாவும் புல்லோரமும் இல்லை. ஈ.கோலை என்ற பாக்டீரியா எந்தக் கோழியின் குடலிலும் சாதுவாக இருப்பது. அதில் சில ரகம் மட்டும், முக்கியமாக ஓ1, ஓ2, ஓ78 என்று எண் கொடுத்தவை, குஞ்சின் தொப்புள் வழியே போய் மஞ்சள் கருவை அழுக வைத்துக் கொல்லும். உடம்பிலிருந்து இரும்புச் சத்தைப் பறிக்கும் திறன் போன்ற சில கூடுதல் ஆயுதங்கள் அவற்றிடம் உண்டு.

இனி, தெருவையே காலி செய்த அந்த இன்னொரு நோய். அது பாக்டீரியா அல்ல, வைரஸ். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் ஊரிலும் கண்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் நம் நாட்டில் குமாவோன் மலையில் உள்ள ராணிக்கெத் என்ற ஊரில் கண்டதால் இங்கே ராணிக்கெத் நோய் என்று பெயர். விவரித்தவர் எட்வர்ட்ஸ். அதே மலைப்பகுதியில் உள்ள முக்தேசுவரத்தில் 1893 முதல் கால்நடை நுண்ணுயிர் ஆய்வகம் இருந்தது. 1897-இல் இராபர்ட் காக் அங்கே வந்திருக்கிறார். 1940-களில் அங்கேதான் ஹாடோ, இத்னானி இருவரும் இந்த வைரஸைக் கருமுட்டைகளில் மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார்கள். பாஸ்தேரின் பழைய வழிதான். ஆனால் அந்த முக்தேசுவர ரகம் இளங்குஞ்சுக்குத் தாங்காது. எட்டு வார வாக்கில்தான் ஊசி போடுவார்கள். முதல் வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து வேறு, இயல்பிலேயே சாதுவான எஃப் ரகம் அல்லது லசோட்டா ரகம். லசோட்டா என்பது அமெரிக்காவில் அந்த ரகம் கிடைத்த பண்ணைக்காரரின் பெயர்.

நம் பக்கத்து ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. 1932-இல் தொடங்கிய நிறுவனம். ராணிக்கெத் தடுப்பு மருந்தும் அங்கே தயாராகிறது. நம் ஜனங்கள் இரண்டு பெயரையும் குழப்பி, "ராணிப்பேட்டை நோய்" என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நோய் ராணிக்கெத்தில், மருந்து ராணிப்பேட்டையில்! நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே அந்தக் குழப்பம் இருந்தது.

ஆக, தமிழில் வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்வது ராணிக்கெத்தை. ரெட்கர் வெள்ளைக் கழிச்சல் என்றது புல்லோரத்தை. கழிச்சலின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் இப்படித்தான். எல்லா வயதும் செத்தால் ராணிக்கெத்தைச் சந்தேகிக்கலாம். ஒரு ஈட்டுக் குஞ்சு மட்டும் செத்து, பெரிய கோழிகள் நன்றாக இருந்தால் புல்லோரத்தைச் சந்தேகிக்கலாம். உறுதியாகச் சொல்ல டாக்டர்தான் வேண்டும்.

சாயக் கரைசல் சோதனையைப் பற்றி எங்கள் அலுவலக டாக்டர் ஒருவர் விளக்கியது 1980-களின் கடைசியில். வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989-ஆம் வருஷம் அத்தையைப் பார்க்கப் போனபோது அதைச் சொன்னேன். பழைய 1962 குஞ்சுகளைச் சோதித்தவர் யாருமில்லை. ஆனால் நடந்ததெல்லாம் அப்படியே பொருந்தியது. எதிர்வீட்டு முட்டையிலேயே நோய் வந்திருக்கலாம், பிழைத்த இரண்டு பெட்டையும் அதைச் சுமந்திருக்கலாம், அதனால்தான் மறு வருஷமும் செத்தன என்றேன்.

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அப்போ அவ வீட்டுலேர்ந்துதான் வந்துச்சி?"

"ஆமாம் அத்தை. ஆனா அந்த அம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது. அவங்க கோழி நல்லாத்தானே இருந்துச்சி. நல்ல முட்டைன்னு நெனச்சித்தான் குடுத்தாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணு இல்லன்னு சொல்ற" என்றார். நான் தலையசைத்தேன். "அவ செத்து ரெண்டு வருஷமாச்சி. எதிர்வீடு. நான் சாவுக்குக்கூடப் போவல" என்றார். வெற்றிலை கையிலேயே இருந்தது.

ஒரு கிருமியின் ரகத்தைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த வெற்றிலைதான் ஞாபகம் வரும்.

நண்பருக்கு மூன்று வார்த்தை. தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள். ராணிக்கெத் வந்தால் தெருவே போகும். கால்நடை மருத்துவமனையில் போடுகிறார்கள், பிப்ரவரியில் முகாமும் நடக்கும். இரண்டாவது, இனி குஞ்சு செத்தால் தூக்கி எறியாமல், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்றாவது, மிஞ்சியிருக்கும் அந்த ஒரு குஞ்சு. பேரன் ஆசைக்கு வளரட்டும். ஆனால் அது பெட்டையாக இருந்தால், இரத்தம் சோதிக்காமல் அதன் முட்டையை அடை வைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அடைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.